வார்ப்பிரும்பு வாணலி: நடுவில் கருகுகிறது, ஓரத்தில் வேகவே மாட்டேன் என்கிறது

புதுவாணலி:
வாங்கி மூன்று வாரம் ஆகிறது. 26 செ.மீ. அகலம், எடை இரண்டரை கிலோ இருக்கும். வார்ப்பிரும்பு என்றால் சூடு ஒரே சீராகப் பரவும், எதை வைத்தாலும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல வேகும் என்று எல்லோரும் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். நேற்று உருளைக்கிழங்கை வட்டம் வட்டமாக நறுக்கி வாணலி நிறையப் பரப்பினேன். அடுப்பைப் பெரிதாக வைத்து ஒரு இரண்டு நிமிடம் காயவிட்டு எண்ணெய் ஊற்றிவிட்டுத்தான் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பினால் நடுவில் இருந்த ஆறேழு துண்டு கரிக்கட்டை, ஓரத்தில் இருந்தது வெள்ளையாகவே கிடக்கிறது, நறுக்கென்று கடிக்கிறது. முந்தின நாள் முட்டை போட்டபோதும் இதே கதைதான், நடு அடிப்பிடித்துக்கொண்டது. வாணலியில் குறையா, என் கையில் குறையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரண்டிப்பிடி:
திருப்பிக் கொடுக்காதீர்கள். தீயைக் குறையுங்கள், காயவிடும் நேரத்தைக் கூட்டுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு போய்விடும்.

அடுப்படி:
நான் பதினைந்து வருடமாக வார்ப்பிரும்பில்தான் சமைக்கிறேன். சூடு சீராகப் பரவும் என்பது உண்மைதான், என் வாணலியில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை. உங்களுடையது அடி சமமாக இல்லாமல் வார்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. சமதளத்தில் வைத்து ஆடுகிறதா என்று பாருங்கள்.

மணலச்சு:
அடுப்படி சொல்வதை மறுக்க வேண்டியிருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் வார்ப்பட வேலையில் இருபது வருடம் இருந்தவன், இந்த உலோகத்தோடு பழகியவன். வார்ப்பிரும்பு சூட்டைச் சீராகப் பரப்பும் என்பது வாய்க்கு வாய் பரவிவிட்ட தவறான நம்பிக்கை. இதை நம்பி வாங்கி, நடு கருகிப்போய், நம் கையில்தான் குறை என்று வாணலியைப் பரணில் போட்டவர்கள் எத்தனையோ பேர், எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கடத்தும் திறனை அளக்க ஒரு கணக்கு உண்டு. அதில் செம்புக்கு ஏறக்குறைய 400, சுத்த அலுமினியத்துக்கு 235க்குப் பக்கம், வார்ப்பிரும்புக்கு 50 சொச்சம். எவர்சில்வருக்கு 15, 16தான். அதாவது வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட நாலு மடங்குக்கும் மேல் மந்தம். ஆனால் சமையலில் அதைவிட முக்கியம், ஓரிடத்தில் ஏறிய சூடு பக்கத்துக்கு நகர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. போகிற வழியிலெல்லாம் இரும்பு சூட்டைத் தானே குடித்துக்கொண்டு போகும், அப்புறம்தான் அடுத்த இடத்துக்கு விடும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அலுமினியத்தில் போவதைப் போல ஆறு மடங்கு நேரம் ஆகும். உங்கள் பர்னரின் வளையத்திலிருந்து ஓரத்துக்குச் சூடு போய்ச் சேர நிமிடக்கணக்கில் பிடிக்கும், பத்து நிமிடம்கூட ஆகலாம். நீங்கள் கொடுத்தது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் தீ படுகிற இடம் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது, ஓரத்துக்கு விஷயமே தெரியாது.

அடி சமமாக இல்லை என்பதும் இருக்கலாம், பார்ப்பதில் தவறில்லை. ஆனால் இந்த அடையாளத்துக்கு அது காரணமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அடுப்படி:
சரி, நீங்கள் தொழில் தெரிந்தவர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. சூடு கடத்துவதில் இவ்வளவு மந்தம் என்றால் இறைச்சித் துண்டு வறுக்கும்போது மட்டும் மற்ற எந்தச் சட்டியிலும் வராத நிறம் இதில் வருகிறதே, அது எப்படி? என் கண்ணால் தினமும் பார்க்கிறேன்.

மணலச்சு:
நல்ல கேள்வி, இதைப் பேசத்தான் எனக்கு ஆசை. நீங்கள் பார்ப்பது உண்மைதான், அதற்குக் காரணம் வேறு. சூட்டைப் பரப்புவது ஒன்று, பிடித்து வைத்துக்கொள்வது ஒன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் அந்த நம்பிக்கை பிறந்தது.

ஒரு கிலோ இரும்பையும் ஒரு கிலோ அலுமினியத்தையும் எடுத்துக்கொண்டால் அலுமினியம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும், கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் அடுப்பில் நாம் வைப்பது கிலோவுக்குக் கிலோ அல்ல. அலுமினியச் சட்டி அரைக் கிலோ, முக்கால் கிலோ இருக்கும். உங்கள் வார்ப்பிரும்பு இரண்டரை கிலோ. ஜெயிப்பது அந்தக் கனம்தான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டரை கிலோ வாணலி 220 டிகிரியிலிருந்து 200க்கு இறங்கும்போது 23 கிலோஜூல் வெப்பத்தை உணவுக்குக் கொடுக்கும். அரைக் கிலோ அலுமினியச் சட்டி அதே 20 டிகிரி இறங்கினால் கொடுப்பது 9தான். குளிர்ந்த இறைச்சியை வைத்த உடனே லேசான சட்டி சட்டென்று சூடு விழுந்துவிடும், தண்ணீர் விட்டுக்கொண்டு வேகும், நிறம் பிடிக்காது. கறிக்கு நல்ல பழுப்பு நிறமும் மணமும் வர மேற்பரப்பு 140 டிகிரியையாவது தாண்ட வேண்டும். ஈரம் இருக்கிறவரை அந்த இடம் 100ஐத் தாண்டாது. கனமான வாணலி விழாமல் தாங்கிப் பிடிக்கிறது, அதனால்தான் உங்களுக்கு அந்த நிறம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போக 2.26 கிலோஜூல் வேண்டும். ஆக அந்த 23 கிலோஜூலைத் தின்று தீர்க்க வெறும் 10 கிராம் தண்ணீர் போதும், இரண்டு தேக்கரண்டி. இறைச்சியையோ மீனையோ ஈரத்தோடு அப்படியே போட்டால் இரும்பு பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் அந்த ஈரத்துக்கே போய்விடும். துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டுப் போடுங்கள். வாணலி நிறைய நெருக்கி அடுக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதற்காகத்தான்.

அடுப்படி:
இப்போது புரிகிறது. நான் எப்போதும் வாணலியை அடுப்பில் ஏற்றிவிட்டுத்தான் காய்கறி நறுக்கவே உட்காருவேன். பத்து, பன்னிரண்டு நிமிடம் சிம்மில் காய்ந்துகொண்டிருக்கும். அது பழக்கமாகிவிட்டதால் எனக்குப் பிரச்சினையே வரவில்லை போலிருக்கிறது. இத்தனை வருடம் வாணலியின் குணம் என்று நினைத்தது என் பழக்கத்தின் குணம். புதுவாணலி, அடி ஆடுகிறதா என்று பார்க்கச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நீலத்தீ:
கண்ணால் பார்த்தால் ஒழிய நம்பாத ஆள் நான், அதனால் இதை வீட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம். வாணலியைத் துடைத்து, எண்ணெய் இல்லாமல், மாவை மெல்லிய படலமாக அடி முழுக்கத் தூவுங்கள். ஒரு சல்லடையில் போட்டுத் தட்டினால் சமமாக விழும். அப்புறம் மிதமான தீயில் ஏற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், கிளறக் கூடாது.

என் அடுப்பில் முதலில் வந்தது ஒரு வளையம். பர்னரில் தீ வரும் துளைகள் எப்படி வட்டமாக இருக்கிறதோ அதே அளவுக்கு மாவில் ஒரு பழுப்பு வட்டம். நட்ட நடுவில் ஒரு காசு அளவுக்கு வெள்ளையாகவே இருந்தது. பிறகு அந்த வளையம் உள்ளேயும் வெளியேயும் தடித்து, நடு மூடி, கருக்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்திலும் ஓரத்தில் இரண்டு விரற்கடை மாவு தூவியபடி வெள்ளையாக இருந்தது. தீயும் வாடை வந்துவிட்டது, ஓரம் நிறமே மாறவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அடுத்து, துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். பெரிய தீயில் நாலு நிமிடம்: வளையத்தில் 250, ஓரத்தில் 140. ஆறவிட்டு மறுபடி சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம்: வளையத்தில் 215, ஓரத்தில் 175. முழுச் சமம் ஒருபோதும் வரவில்லை, ஆனால் 110 டிகிரி வித்தியாசம் 40 ஆனது. கறுத்த வாணலியில் அந்தக் கருவி சரியாகக் காட்டும், பளபளக்கும் எவர்சில்வரில் நீட்டினால் குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும், அதை நம்பி எண்ணெய் ஊற்றாதீர்கள்.

புதுவாணலி:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாவுச் சோதனையை இன்று காலை செய்து பார்த்தேன். அப்படியே வளையம்! ஆனால் என்னுடையது இன்னும் சின்னது, ஏழெட்டு செ.மீ. அகலம்கூட இருக்காது. அப்புறம்தான் கவனித்தேன், நான் எப்போதும் அடுப்பின் சின்ன பர்னரில்தான் இதை வைக்கிறேன். பெரிய பர்னரில் எப்போதும் வேறு பாத்திரம் இருக்கும்.

கரண்டிப்பிடி:
அதுதான் விஷயம். 26 செ.மீ. வாணலிக்குச் சின்ன பர்னர் போதவே போதாது. பெரிய பர்னரில் சிறு தீ வைப்பதும் சின்ன பர்னரில் பெரிய தீ வைப்பதும் ஒன்றல்ல, வளையத்தின் அகலம் வேறு. இடத்தை மாற்றுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் காயும்போது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வாணலியைக் கொஞ்சம் நகர்த்தி, ஒவ்வொரு ஓரத்தையும் தீக்கு மேல் காட்டுங்கள். கரித்துணியால் பிடித்து நகர்த்துங்கள், கைப்பிடியும் அதே இரும்புதான், பத்து நிமிடத்தில் அதுவும் சுடும். நான் ஒருமுறை யோசிக்காமல் பிடித்து உள்ளங்கையில் கொப்புளத்தோடு ஒரு வாரம் இருந்தேன்.

ஓவன் இருப்பவர்கள் அதில் 200 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து எடுத்தால் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல ஏறியிருக்கும். பிறகு அடுப்பில் வைத்துத் தொடரலாம். சீரான சூடு என்பது வார்ப்பிரும்பில் உண்மையாவது அப்போதுதான்.

தட்டையடுப்பு:
இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன், என் இழப்பு வேறு யாருக்கும் வர வேண்டாம். வார்ப்பிரும்பு காந்தம் ஒட்டும் உலோகம், அதனால் இண்டக்ஷனில் அருமையாக வேலை செய்யும் என்பது சரி. ஆனால் அடியில் இருக்கும் சுருள் சின்னது, அதற்கு நேர் மேலே இருக்கும் இரும்பு மட்டும் நொடிகளில் சூடாகும், சுற்றியுள்ள இரும்பு பச்சைத் தண்ணீர் மாதிரி கிடக்கும். நான் குளிர்ந்த வாணலியை வைத்து நேராக உச்ச அளவில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, டங் என்று மணி அடித்தது போல ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் நடுவிலிருந்து ஓரம் வரை மயிரிழை மாதிரி ஒரு விரிசல். எட்டு வருடம் பழகிய வாணலி அது. இன்னும் தூக்கிப் போட மனம் வரவில்லை, சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

இப்போது இருப்பதை மிகக் குறைந்த அளவில் வைத்து, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றுகிறேன். இதுவரை பிரச்சினை இல்லை.

மணலச்சு:
தட்டையடுப்பு சொன்னதைப் படித்தபோது அந்தச் சத்தம் காதில் கேட்டது, பட்டறையில் அவசரமாக ஆறவிட்ட வார்ப்பு விரிசல் விடும்போது அதே சத்தம்தான். வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 சதவீதம் வரை உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். உடைந்த வாணலியின் உடைந்த முகத்தைப் பாருங்கள், சாம்பல் நிறத்தில் மொரமொரவென்று இருக்கும். அந்தச் செதில்கள் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கீறல் மாதிரி. நடு சூடாகி விரியப் பார்க்கிறது, சுற்றி இருக்கும் குளிர்ந்த இரும்பு விடமாட்டேன் என்று பிடிக்கிறது. மெல்லிய எஃகுச் சட்டியாக இருந்தால் வளைந்து கொடுத்திருக்கும், அடி புடைத்துக்கொள்ளும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது, கீறலைப் பிடித்துக்கொண்டு விண்டுவிடும். சூடான வாணலியைக் குழாய்த் தண்ணீரில் நீட்டினாலும் இதேதான் நடக்கும், திசை மட்டும் மாறும். தயவுசெய்து ஆறவிட்டுக் கழுவுங்கள்.

லேசானகை:
இவ்வளவு பாடுபடுவதற்கு ஒரு நல்ல தடித்த அலுமினியச் சட்டி வாங்கிவிட்டுப் போகலாமே? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். எனக்கு மணிக்கட்டு வலி உண்டு, இரண்டரை கிலோவை ஒரு கையால் தூக்க முடியாது.

மணலச்சு:
மணிக்கட்டு வலி இருந்தால் கட்டாயம் லேசானதே வாங்குங்கள், வலியோடு சமைக்க வேண்டிய அவசியம் இல்லை. குழம்பு கிண்டுவது, பால் காய்ச்சுவது, தீயைக் கூட்டினால் உடனே கூட வேண்டும் குறைத்தால் உடனே குறைய வேண்டும் என்கிற வேலைகளுக்கு அலுமினியமோ செம்போதான் சரி, நானும் அதைத்தான் எடுப்பேன். வார்ப்பிரும்பு சொன்ன உடனே கேட்காது. கடுந்தீயில் வறுப்பது, மொறுமொறுப்பாகச் சுடுவது, ஒரே சூட்டில் நெடுநேரம் நிற்க வேண்டியது, இதற்கெல்லாம் அதை மிஞ்ச ஆளில்லை.

புதுவாணலி:
இன்னொரு சந்தேகம். நடுவில் வட்டமாகக் கறுப்பு போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது, முட்டை ஒட்டுவதும் அங்கேதான். சோப்பு போட்டுக் கழுவியதால் வந்ததா?

அடுப்படி:
இதில் எனக்கு அனுபவம் உண்டு, சோப்பு காரணம் இல்லை. வாணலி பழகுவது என்றால் எண்ணெய் சூட்டில் காற்றோடு சேர்ந்து இறுகி, வார்னிஷ் மாதிரி ஒரு தோலாகிவிடுவது. அது எண்ணெய்ப் பசை இல்லை, அதனால் இப்போது வரும் பாத்திரச் சோப்பு அதைக் கரைக்காது. காஸ்டிக் சோடா கலந்த சோப்புதான் கரைக்கும், அந்தக் காலத்துப் பயம் இன்னும் தொடர்கிறது. உங்களுக்கு நடந்தது, வெறும் வாணலியைச் சின்ன பர்னரில் பெரிய தீயில் விட்டதில் அந்த வட்டம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகித் தோல் எரிந்துபோனது. மாவில் வந்த வளையமும் இந்தச் சாம்பல் வட்டமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பப் பழக்குவது பெரிய வேலை இல்லை. கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேயுங்கள். அப்புறம் எண்ணெயே தடவவில்லை என்று நினைத்துக்கொண்டு காய்ந்த துணியால் முழுக்கத் துடைத்தெடுங்கள். அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும், அந்த மிச்சம்தான் வேண்டும். கூடுதலாக இருந்தால் பிசுபிசுவென்று ஒட்டும். ஓவன் இருந்தால் 230 டிகிரியில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள், இல்லையென்றால் அடுப்பில் சிறு தீயில் நகர்த்தி நகர்த்திப் புகை அடங்கும்வரை. மூன்று நான்கு முறை செய்தால் நிறம் திரும்பிவிடும். தோல் நன்றாக இறுகும்வரை தக்காளி, எலுமிச்சை, வினிகர் எதையும் அதில் நெடுநேரம் கொதிக்கவிடாதீர்கள், புளிப்பு தோலையும் அரிக்கும், உணவில் இரும்பு வாடையும் வரும்.

நீலத்தீ:
கூடவே ஒன்று. வாணலி காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம் இல்லையா, நடுவில் மட்டும் தெளிக்காதீர்கள், ஓரத்திலும் ஒரு சொட்டு விடுங்கள். நடுவில் முத்தாக உருண்டு ஓடி, ஓரத்தில் சும்மா கிடந்து மெதுவாகச் சுண்டினால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். தண்ணீர் முத்தாக உருளுவது 190, 200 டிகிரிக்கு மேல்தான், முட்டைக்கு அவ்வளவு சூடு வேண்டாம். அங்கே சொட்டு சுருக்கென்று பொரிந்து போனாலே போதும்.

புதுவாணலி:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ஆமாம், சாம்பல் வட்டம் மாவு வளையத்துக்குள் அச்சாகப் பொருந்தியது. நான்கு முறை எண்ணெய் தடவிப் பழக்கினேன். வாணலியைப் பெரிய பர்னருக்கு மாற்றி, கிழங்கு நறுக்கும் முன்பே ஏற்றிச் சிறு தீயில் விட்டேன். மூன்று நிமிடத்தில் ஓரத்தில் விட்ட சொட்டு அசையாமல் கிடந்தது, எட்டாவது நிமிடத்தில் ஓசையோடு பொரிந்தது, பதினொன்றாவது நிமிடத்தில் நடுவிலும் ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே சத்தம். அப்போதுதான் எண்ணெய் ஊற்றினேன். துண்டுகளை ஈரம் ஒற்றி, முன்பு போட்டதில் பாதிதான் போட்டேன்.

திருப்பியபோது நடுவில் இருந்தவை கொஞ்சம் கூடுதல் சிவப்பு, ஓரத்தில் இருந்தவை பொன்னிறம், ஒன்றுகூடக் கருகவில்லை. பாதியில் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் மாற்றிப் போட்டேன், கடைசியில் எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் முட்டை இன்னும் சரியாக வரவில்லை. ஒட்டவில்லை, ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் வெந்துகொண்டே போய் மஞ்சள் கரு கெட்டியாகிவிடுகிறது.

கரண்டிப்பிடி:
பிடித்து வைத்த சூடு அணைத்தவுடன் எங்கே போகும், முட்டைக்குள்தான் போகும். வெள்ளை முக்கால்வாசி வெந்ததுமே அணைத்துவிடுங்கள், மீதியை வாணலி பார்த்துக்கொள்ளும். வெந்ததும் உடனே தட்டுக்கு மாற்றுங்கள், வாணலியில் விட்டுவிட்டுத் தட்டு தேடப் போகாதீர்கள்.

புதுவாணலி:
இன்று காலை அப்படியே செய்தேன். தட்டை முதலிலேயே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். மஞ்சள் கரு உடைத்ததும் ஓடியது.